முதலில் எஸ்எம்பிஎஸ், அப்புறம் கிராபிக்ஸ் கார்டு

கேள்வி: வணக்கம் சார். என் கேமிங் கம்ப்யூட்டர் ஆறு வருடங்களுக்கு முன் அசெம்பிள் செய்தது. ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு. எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) கேபினெட்டோடு சேர்ந்து வந்தது, மேலே 500 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. போன மாதம் 60 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டரைத் தூக்கிவிட்டு 165 ஹெர்ட்ஸ் 1440பி மானிட்டர் வாங்கினேன். அன்றிலிருந்து கேம் திக்கித் திக்கி ஓடுகிறது. ஆட்டத்தின் நடுவே நாலைந்து முறை கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. "இந்தக் கார்டுக்கு 500 வாட்ஸ் தாராளம், எஸ்எம்பிஎஸ்ஸைத் தொடாதே, இருக்கிற பணத்துக்குப் பெரிய கார்டாக வாங்கிப் போடு" என்கிறான் அண்ணன். "850 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் இல்லாமல் எந்தக் கார்டையும் நினைக்காதே" என்கிறான் நண்பன். இரண்டையும் சேர்த்து வாங்க என்னால் முடியாது. ஒன்றை இப்போது வாங்கினால் இன்னொன்றை நாலைந்து மாதம் கழித்துத்தான் வாங்க முடியும். எதை முதலில் வாங்கட்டும்? எந்தக் கார்டு சரியாக இருக்கும்? எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

பதில்: வணக்கம். எஸ்எம்பிஎஸ்ஸை முதலில் வாங்குங்கள். கார்டு நாலைந்து மாதம் கழித்து வரட்டும்.

இதைக் கேட்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். எஸ்எம்பிஎஸ் மாற்றுவதால் கேமில் ஒரு ஃபிரேம்கூட, அதாவது நொடிக்கு வரையப்படும் படங்களில் ஒன்றுகூட, கூடப்போவதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு தொல்லைகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. திக்குவது ஒன்று, ரீஸ்டார்ட் ஆவது வேறொன்று. திக்குவதற்குக் காரணம் கார்டு. அதைக் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளலாம், ஓரளவு குறைக்கவும் வழி இருக்கிறது. ரீஸ்டார்ட் ஆவதை மட்டும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. காரணம் நான் நினைப்பதுதான் என்றால், ஆசையாக வாங்கிப் பொருத்தும் புதுக் கார்டையும் அது நிம்மதியாக ஓடவிடாது.

மானிட்டர் மாற்றியதும் இதெல்லாம் ஏன் கிளம்பியது? 1080பி திரையில் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 1440பி என்றால் 36.9 லட்சம். கிட்டத்தட்ட 1.78 மடங்கு வேலை. இது ஒரு பாதிதான். பழைய மானிட்டரில் வி-சிங்க் போட்டு நொடிக்கு 60 ஃபிரேமோடு நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். அப்போது ஒவ்வொரு ஃபிரேமையும் முடித்த பிறகு கார்டுக்கு ஒரு சின்ன ஓய்வு கிடைத்துக்கொண்டிருந்தது. 165 ஹெர்ட்ஸ் மானிட்டரோ கார்டு எத்தனை ஃபிரேம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். ஓய்வு போய்விட்டது. கார்டு இடைவிடாமல் முழு மூச்சில் ஓடுகிறது, அதற்கு வேலை கொடுக்கும் பிராசஸரும் கூடவே ஓடுகிறது. கூரையில் ஓட்டை இருப்பது மழை பெய்தால்தானே தெரியும். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸின் ஓட்டை முன்பே இருந்திருக்கிறது, மானிட்டர் வந்து அதைக் காட்டிக்கொடுத்தது.

இப்போது லேபிளுக்கு வருகிறேன். படம் அனுப்பியது நல்ல காரியம், பாதி பதில் அதிலேயே இருக்கிறது. பெரிய எழுத்தில் உள்ள 500ஐ மறந்துவிட்டு, கீழே உள்ள கட்டங்களைப் பாருங்கள். 3.3 வோல்ட்டுக்குக் கீழே 20 ஆம்பியர். 5 வோல்ட்டுக்குக் கீழே 15 ஆம்பியர். 12 வோல்ட்டுக்குக் கீழே 28 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்ஸ். 12ஐ 28ஆல் பெருக்கினால் 336. இந்த எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட்டில் கொடுக்கக்கூடியது அவ்வளவுதான். 3.3 வோல்ட்டில் 66 வாட்ஸ், 5 வோல்ட்டில் 75 வாட்ஸ், மூலையில் இருக்கும் சில்லறை லைன்கள் எல்லாவற்றையும் கூட்டித்தான் 500க்குப் பக்கத்தில் கொண்டுவந்திருக்கிறார்கள். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது 12 வோல்ட்டிலிருந்து. மற்ற லைன்களில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அவற்றுக்கு உதவாது. எந்த எஸ்எம்பிஎஸ் வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஒரு கட்டத்தைத்தான். ஒழுங்காகத் தயாரித்த 650 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் கட்டத்தில் 54 ஆம்பியர் என்று இருக்கும். பெருக்கிப் பாருங்கள், 648 வாட்ஸ். பெயரும் கணக்கும் ஒத்துப்போகின்றன.

அண்ணன் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. 1660 சூப்பர் 125 வாட்ஸ் எடுக்கும். 3600 முழு வேகத்தில் 88 வாட்ஸ் வரை போகும். ஃபேன், போர்டு எல்லாம் சேர்த்தாலும் 12 வோல்ட்டில் 240 வாட்ஸைத் தாண்டாது. 336 இருக்கும்போது போதாதா என்று கேட்கலாம். புதிதாக, நல்லதாக இருந்தால் போதும். ஆனால் 125 வாட்ஸ் என்பது சராசரி. கிராபிக்ஸ் கார்டு மின்சாரத்தை ஒரே சீராக இழுப்பதில்லை. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத நேரத்துக்குச் சராசரியைவிட வெகு அதிகமாக இழுத்துவிட்டு இறங்கிவிடும். அந்தத் திடீர் இழுப்பைத் தாங்குவது உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும் கெப்பாசிட்டர்களின் வேலை. ஆறு வருடச் சூட்டில் விலை குறைந்த கெப்பாசிட்டர் உலர்ந்து, பிடித்து வைக்கும் சக்தியை இழந்துவிடுகிறது. இழுத்த வேகத்துக்கு வோல்ட் இறங்கும். இறங்கியதும் ஒன்று எஸ்எம்பிஎஸ் தன் பாதுகாப்புக்காக அணையும், இல்லையென்றால் போர்டு ரீசெட் ஆகும். உங்களுக்குத் தெரிவது திரை கறுத்து மறுபடி லோகோ வருவது மட்டும்.

திடீர் இழுப்பு ஒதுக்கிவிடக்கூடிய விஷயமே இல்லை. அதற்காகத் தர நிர்ணயத்தையே மாற்ற வேண்டி வந்தது. 2022ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிப்படி, 450 வாட்ஸுக்கு மேற்பட்ட, புதிய வகைக் கார்டு கனெக்டர் உள்ள எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல் இரண்டு மடங்கு இழுப்பை 100 மைக்ரோ செகண்டுக்குத் தாங்க வேண்டும்.

பணம் செலவழிக்கும் முன் என் ஊகத்தைச் சோதித்துப் பாருங்கள், செலவில்லாத சோதனைதான். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். என்விடியா கண்ட்ரோல் பேனலில் அதிகபட்ச ஃபிரேம் ரேட்டை 60 என்று வையுங்கள். வழக்கமாக ரீஸ்டார்ட் ஆகும் அதே கேமை நாலைந்து நாள் விளையாடுங்கள். ரீஸ்டார்ட் நின்றுவிட்டால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மீது உறுதிப்படுகிறது. அப்படியும் ரீஸ்டார்ட் ஆனால் பிராசஸரின் சூட்டைப் பாருங்கள், பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் செட்டிங் திரை) ரேமின் எக்ஸ்எம்பியை (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைத்துப் பாருங்கள். அதிலும் தீராவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அதற்குள் எஸ்எம்பிஎஸ்ஸை வாங்கிவிடாதீர்கள். விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்ற பதிவைப் பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவுகட்டுகிறவர்கள் நிறையப் பேர். கம்ப்யூட்டர் முறையாக அணையவில்லை என்பதைத் தவிர அந்தப் பதிவு வேறு எதையும் சொல்வதில்லை.

முதலில் எஸ்எம்பிஎஸ் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் மாற்றி, அதன் பிறகும் ஏதாவது கோளாறு வந்தால் எதைக் குற்றம் சொல்வீர்கள்? எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றிவிட்டு, பழைய கார்டின் கட்டுப்பாடுகளை எல்லாம் எடுத்துவிட்டு ஒரு மாதம் ஓட்டினால் ரீஸ்டார்ட் தீர்ந்ததா இல்லையா என்பது சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். கார்டை முதலில் வாங்கினால் இந்த வாய்ப்பு இல்லை. அதிக மின்சாரம் கேட்கும் கார்டை நலிந்துபோன எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டிவிட்டு, நாலைந்து மாதம் பயந்து பயந்து விளையாட வேண்டியிருக்கும்.

எத்தனை வாட்ஸ்? பின்னால் சொல்லப்போகும் கார்டுக்கு 160லிருந்து 180, பிராசஸருக்கு 88, மற்றதற்கு 50, 60. கூட்டினால் 330ஐத் தாண்டாது. 650 வாட்ஸ் போதும், திடீர் இழுப்புக்கும் இடம் இருக்கும். அதற்கடுத்த தடவை 250 வாட்ஸ் வகைக் கார்டுக்குப் போகும் எண்ணம் இப்போதே இருந்தால் 750 வாங்குங்கள். 850 உங்களுக்குத் தேவையில்லை. அதற்குக் கூடுதலாகப் போகும் பணம் கார்டுக்குப் போகட்டும். பெரிய எஸ்எம்பிஎஸ் போட்டால் கரன்ட் பில் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கம்ப்யூட்டர் கேட்கும் அளவுதான் அது இழுக்கும்.

80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு என்ற முத்திரைகளை வைத்து மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். சுவரிலிருந்து வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் கம்ப்யூட்டருக்குப் போகிறது என்பதற்குத்தான் அந்தச் சான்று. கோல்டில் பாதிச் சுமையில் 90 சதவீதம், பிரான்ஸில் 85. தயாரிப்பு உறுதியானதா, பாதுகாப்புச் சுற்றுகள் ஒழுங்காக வேலை செய்யுமா என்பதை அது சொல்லாது. நான் பார்ப்பது வாரன்டியை. ஏழு, பத்து வருடம் கொடுக்கிறவர் உள்ளே என்ன போட்டிருக்கிறோம் என்று தெரிந்துதான் கொடுக்கிறார். அதோடு அந்தக் குறிப்பிட்ட மாடலைப் பிரித்துப் போட்டு, சுமை ஏற்றிச் சோதித்த விமர்சனம் ஒன்றையாவது படியுங்கள். ஒரே கம்பெனியே ஒரு வரிசையை நன்றாகவும் இன்னொன்றைச் சுமாராகவும் தயாரிப்பது உண்டு. பழைய எஸ்எம்பிஎஸ் யாராவது சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

மாட்டும்போது ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருங்கள். புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் கேபிள்களைக் கழற்றி மாட்டும் வசதி இருந்தால், அதன் பெட்டியில் வந்த கேபிள்களை மட்டும் பயன்படுத்துங்கள். நண்பனுடையது நீளமாக இருக்கிறது, நன்றாக மடங்குகிறது என்று வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைச் செருகவே கூடாது. போர்டு பக்கம், கார்டு பக்கம் இருக்கும் முனைகளுக்குப் பொதுத் தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குக் கிடையாது. செருகினால் அழகாகப் பொருந்தும், பின் வரிசை மட்டும் மாறியிருக்கும். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போய், பவர் பட்டனை அழுத்திய நொடியில் எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்கும் எரிந்துவிடும். கம்ப்யூட்டரே திரும்ப வாங்கிவிடலாம், அதில் இருந்த போட்டோக்களை வாங்க முடியாது. கார்டின் 8 பின் மின் இணைப்புக்குச் சாட்டா (டிஸ்குக்கு மின்சாரம் போகும்) கனெக்டரிலிருந்து மாற்றிக்கொடுக்கும் அடாப்டர்களையும் தொட வேண்டாம். 8 பின் 150 வாட்ஸ் வரை தர வேண்டும். ஒரு சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட்ஸ். பிளாஸ்டிக் உருகுவது இந்த இடத்தில்தான்.

கார்டு வரும்வரை இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம். மானிட்டரை டிஸ்பிளேபோர்ட் கேபிளில் இணைத்து, மானிட்டரின் மெனுவில் அடாப்டிவ் சிங்கையும் என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஜி-சிங்கையும் ஆன் செய்யுங்கள். ஃபிரேம் ஏறி இறங்கும்போது தெரியும் திக்கல் பெருமளவு அடங்கும். உங்கள் கார்டில் டிஎல்எஸ்எஸ் (குறைந்த அளவில் வரைந்து பெரிதாக்கும் என்விடியா வசதி) வராது, அது ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு மட்டும். அதே மாதிரியான ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் வரும். 1440பியில் அதை குவாலிட்டி நிலையில் வைத்தால் கார்டு உண்மையில் வரைவது 1707க்கு 960 என்ற அளவில், மிச்சத்தைக் கணக்குப் போட்டு நிரப்பும். டெக்ஸ்சர் செட்டிங்கை ஒரு படி இறக்குங்கள். கேமராவைத் திருப்பும்போதெல்லாம் திக்குகிறது என்றால் கார்டின் 6 ஜிபி மெமரி நிரம்பி வழிகிறது என்று பெரும்பாலும் அர்த்தம்.

இனி கார்டு. 1440பிக்கு, பல வருடம் வைத்திருக்கப்போகிற உங்களுக்கு, 16 ஜிபி மெமரிக்குக் குறைந்து வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. 2025ல் வந்தவற்றில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டும் உங்களுக்குப் பொருந்தும். இரண்டிலும் ஒரே பெயரில் 8 ஜிபி மாடலும் இருக்கிறது, 16 ஜிபி மாடலும் இருக்கிறது. பெட்டியில் உள்ள எண்ணைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இந்த இரண்டில் உங்கள் போர்டுக்கு எது என்று கேட்டால் நான் 9060 எக்ஸ்டியைச் சொல்வேன். பி450 போர்டில் கார்டு செருகும் இடம் பிசிஐஇ (கார்டும் போர்டும் தகவல் பரிமாறும் வழி) 3.0 தலைமுறையைச் சேர்ந்தது. 5060 டிஐ அதில் உள்ள பதினாறு பாதைகளில் எட்டை மட்டும்தான் பயன்படுத்தும். புதிய போர்டுகளில் எட்டே ஏராளம். உங்கள் போர்டில் அது நொடிக்குச் சுமார் 8 ஜிபி போக்குவரத்து. 9060 எக்ஸ்டி பதினாறையும் பயன்படுத்தும், எனவே நொடிக்குச் சுமார் 16 ஜிபி. கார்டின் மெமரி நிரம்பாதவரை இந்த வித்தியாசம் கொஞ்சம்தான். நிரம்பினால்தான் கண்ணுக்குத் தெரியும். மின்சாரமும் 180க்குப் பதில் 160 வாட்ஸ். ரே ட்ரேசிங் (ஒளியையும் நிழலையும் நிஜம்போல் வரையும் முறை) அதிகம் போட்டு விளையாடுகிறீர்கள், நீங்கள் விளையாடும் கேம்களில் டிஎல்எஸ்எஸ் இருக்கிறது என்றால் 5060 டிஐயின் 16 ஜிபி மாடலை எடுங்கள், அதிலும் தவறில்லை. 250 வாட்ஸ் கேட்கும் ஆர்டிஎக்ஸ் 5070 வேகமான கார்டுதான். ஆனால் பல கேம்களில் உங்கள் 3600 அதற்கு ஈடுகொடுக்காது, கொடுத்த காசில் ஒரு பகுதி வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

பிராசஸர் எந்த அளவுக்குத் தடுக்கிறது என்பதை இப்போதே நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஃபிரேம் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, அதிகம் விளையாடும் கேமைத் திறந்து ஒரே இடத்தில் நின்று ஃபிரேம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரெசல்யூஷனை 720பிக்கு இறக்கி அதே இடத்தில் பாருங்கள். எண் நன்றாக ஏறினால் இதுவரை தடுத்தது கார்டு. இறக்கிய பிறகு எவ்வளவு வருகிறதோ, கிட்டத்தட்ட அதுதான் உங்கள் பிராசஸரால் முடிந்த உச்சம். எந்தக் கார்டு போட்டாலும் அந்த கேமில் அதை அதிகம் தாண்டாது. 720பியிலேயே 90தான் வருகிறது என்றால், 165 ஃபிரேம் கனவுக்குக் கார்டு மட்டும் போதாது. நல்ல செய்தி, உங்கள் போர்டிலேயே பயாஸ் அப்டேட் செய்து ரைசன் 5000 வரிசைப் பிராசஸரைப் போட முடியும். போர்டும் ரேமும் மாற்ற வேண்டியதில்லை. அது மூன்றாவது செலவாக, அடுத்த வருடத்துக்கு இருக்கட்டும்.

கார்டுக்கு ஆர்டர் போடும் முன் கேபினெட்டின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, பின்பக்கக் கார்டு துவாரத்திலிருந்து முன்பக்க ஃபேன் வரை ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். மூன்று ஃபேன் வைத்த மாடல்கள் 30 சென்டிமீட்டரைத் தாண்டிப்போகும், தடிமனும் இரண்டரைத் துவாரம் பிடிக்கும். இந்த அளவுக் கார்டுகளுக்கு இரண்டு ஃபேன் மாடலே போதும். ஏஎம்டி கார்டுக்கு மாறும்போது பழைய என்விடியா டிரைவரைச் சேஃப் மோடில் டிடியு என்ற இலவச மென்பொருள் கொண்டு சுத்தமாக எடுத்துவிடுங்கள். பயாஸில் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் அணுகும் வசதி) என்பதை ஆன் செய்யுங்கள், உங்கள் பிராசஸர் அதை ஏற்கும். அதற்குச் சிஎஸ்எம் (பழைய பூட் முறைக்கான அமைப்பு) அணைந்திருக்க வேண்டும். பழைய முறையில் விண்டோஸ் போட்டிருந்தால் சிஎஸ்எம் அணைத்ததும் கம்ப்யூட்டர் பூட் ஆகாது. பதற வேண்டாம், மறுபடி ஆன் செய்தால் வந்துவிடும். டிஸ்கை ஜிபிடி என்ற புதிய அமைப்புக்கு மாற்றிய பிறகு செய்துகொள்ளலாம்.

நீங்கள் சொல்லவில்லை, ஆனால் யுபிஎஸ் வைத்திருந்தால் அதையும் பாருங்கள். 600 விஏ என்று எழுதியிருக்கும் யுபிஎஸ் பல 360 வாட்ஸ்தான் தரும். புதுக் கார்டோடு முழுச் சுமையில் கம்ப்யூட்டர் சுவரிலிருந்து 350 வாட்ஸ் அளவுக்கு இழுக்கும், மானிட்டர் தனி. கரன்ட் போன நொடியில் யுபிஎஸ் தாங்காமல் அணையும். அப்போது புது எஸ்எம்பிஎஸ்ஸைக் குறை சொல்லிவிடாதீர்கள்.

கழற்றிய பழைய எஸ்எம்பிஎஸ்ஸை வீட்டில் இன்னொரு கம்ப்யூட்டருக்குப் போட்டுவிடலாம் என்று அண்ணன் எடுத்து வைத்தால் தடுத்துவிடுங்கள். உள்ளே என்ன ஆயிற்று என்று பார்க்கும் ஆர்வத்தில் ஸ்குரூவைக் கழற்றவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள பெரிய கெப்பாசிட்டரில் ஆளைத் தாக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். அப்படியே மூடிய நிலையில் மின் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.